ஆற்றின் மீது ஒரு புகார் மனு

அனுப்புநர்:
இரண்டாம் வரிசை, 30 ஆம்ப் மனைகளில் தங்கிய நண்பர்கள்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், ஆற்றங்கரை ஆர்.வி. பூங்கா, கொலராடோ ஆறு, டேவிஸ் அணைக்குக் கீழே.

பொருள்: பூங்கா விதிகளைத் தொடர்ந்து மீறிவரும் ஆற்றின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: வாசலில் தாங்கள் நாட்டியுள்ள விதிப் பலகை.

ஐயா,

கோடை விடுமுறைக்காக லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, வாடகை ஆர்.வி.க்களில் தங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். சக்கரம் வைத்த அந்த வீடுகளில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருந்தன. இயற்கை ஒன்றுதான் குறை. அதைத் தாங்கள் தருவதாக விளம்பரம் சொன்னது.

நுழைந்ததும் கையில் பட்டை கட்டினீர்கள்; விதித்தாளில் கையெழுத்து வாங்கினீர்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. துணிக்கொடி கட்டக் கூடாது. வெளியூர் விறகு கூடாது. மரம் அரிக்கும் பூச்சி அதில் ஒளிந்து வந்துவிடும். 10 வயது தாண்டிய வண்டிக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டோம். அண்ணி ஒருவர் ஈரக் கைலியை நாற்காலியில் உலர்த்தியபோது, தங்கள் ஊழியர் கோல்ஃப் வண்டியில் பறந்து வந்து கண்டித்தார். கைலிக்குள் அண்ணனும் உட்கார்ந்திருந்தால் விதிமீறல் இல்லையாம்.

மின்சாரத்திலும் குறை சொல்ல மாட்டோம். 30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் 12,000 வாட். பலகையில் இருபதுதான் வித்தியாசம். கம்பிக்குள் மூன்று மடங்குக்கு மேல். வெளியே 45 டிகிரி. ஏ.சி.யோடு ரைஸ் குக்கரும் மிக்சியும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். எனவே சோறு வெந்தபோது நாங்களும் வெந்தோம், ஏ.சி. ஓடியபோது பசியோடு படுத்தோம். ஒழுக்கம் என்றால் இதுதான்.

ஆனால் இத்தனை விதிகளுக்கும் நடுவே ஒருவர் மட்டும் கேட்பாரின்றித் திரிகிறார். அவர் மீதான குற்றச்சாட்டுகள் வருமாறு:

1. வயது வரம்பு மீறல். இந்த ஆறு இவ்வழியே கடலைத் தேடிப் போகத் தொடங்கி ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தங்கள் வரம்போ 10.

2. இரவு ஒலி. இளையராஜாவை நாங்கள் 10 மணிக்குள் நிறுத்திவிட்டோம். ஆறு விடியும்வரை நிறுத்தவில்லை.

3. வெளியூர்ச் சரக்கு. எங்கள் விறகைத் தடுத்த வாசல் வழியே, ராக்கி மலைப் பனியை உருக்கி இது சோதனையின்றிக் கொண்டுவருகிறது.

4. அத்துமீறல். காலையில் மணலில் போட்ட நாற்காலி மாலையில் தண்ணீரில் நிற்கிறது.

பொறுப்புள்ள மனுதாரர்கள் என்ற முறையில் எதிர்மனுதாரரின் பின்னணியையும் விசாரித்தோம். அங்கேதான் வழக்கு சிக்கலானது.

ஆறு தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குவதில்லை. 1951இல் கட்டி முடித்த டேவிஸ் அணை, கீழே உள்ளவர்களின் தண்ணீர்த் தேவையையும் மின்சாரத் தேவையையும் பார்த்துத் திறந்துவிடுகிறது. வெயில் ஏற, ஊரெல்லாம் ஏ.சி. ஓட, மின்சாரம் வேண்டி அணை தண்ணீர் விட, எங்கள் நாற்காலி மிதக்கிறது. கால் வைத்தால் விறைக்கும் அந்தக் குளிர்ச்சியும் இயற்கை தந்ததல்ல. அணைக்குப் பின்னாலுள்ள மொஹாவி நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து எடுத்து விடுவது.

ஆற்றின் தலையெழுத்து 1922இலேயே எழுதியாகிவிட்டது. ஏழு மாநிலங்கள் கூடி, மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி தண்ணீர், கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்று பிரித்துக்கொண்டன. மழை நிறைந்த ஆண்டுகளின் கணக்கை வைத்துப் பிரித்ததால், ஓடுவதைவிட அதிகமாகப் பங்கு போட்டுவிட்டார்கள். 1944இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். கரையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மொஹாவி பழங்குடி மக்களை அந்த 1922 கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. முன்பதிவு செய்திருக்கமாட்டார்கள் போலும்.

எங்களுக்காவது காலை 11 மணிக்கு மனையைக் காலி செய்யும் உரிமை உண்டு. ஆற்றுக்கு அதுவும் இல்லை. 1960களிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அது கலிஃபோர்னியா வளைகுடாக் கடலைப் போய்ச் சேருவதே இல்லை. 2014 வசந்தத்தில் சிறப்பு அனுமதியாகத் தண்ணீர் திறந்துவிட்டபோது, சிறிது காலம் கடலைத் தொட்டுவிட்டு வந்தது.

ஆக, பூங்காவிலேயே அதிக விதிகளுக்கு உட்பட்ட தங்குநர் ஆறுதான். அதன் கையில் தங்களுக்கு முன்பே யாரோ பட்டை கட்டிவிட்டார்கள். எனவே எங்கள் கோரிக்கைகளைக் கீழ்க்கண்டவாறு திருத்திக்கொள்கிறோம்:

அ) எதிர்மனுதாரர் ஏற்கெனவே தண்டனை அனுபவித்து வருவதால் முதல் மூன்று குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்ய வேண்டும்.

ஆ) நான்காவதை அணையின் பெயருக்கு மாற்ற வேண்டும். நாற்காலி மிதக்கும் நேரத்தை விதிப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

இ) முன்வரிசை மனைகளுக்கு 'இயற்கை' என்று சொல்லி வாங்கும் கூடுதல் கட்டணத்தை, இனி 'அணைக் கட்டணம்' என்றே ரசீதில் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்ட,
கைலி உலர்த்தாத நண்பர்கள்.

நகல்: கலிஃபோர்னியா வளைகுடாவுக்கு. ஆற்றில் விட்டால் வந்து சேராது என்பதால், தபாலில்.