குண்டுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: திருவிழாக் கடையில் பையனுக்கு பொம்மைத் துப்பாக்கி வாங்கினேன். கூடவே ஒரு பாக்கெட் மஞ்சள் குண்டு. எதில் செய்தது என்று எங்கேயும் போடவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தராசிடம் கேளுங்கள். நூறு குண்டை எண்ணி, தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பாருங்கள். 12 கிராம் வந்தால் வெறும் பிளாஸ்டிக். ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரீன். 6 மில்லிமீட்டர் உருண்டையில் இவை சுமார் 0.12 கிராம்தான் கொள்ளும்.

கேள்வி: என் அண்ணன் மகன் ஏர்சாஃப்ட் என்ற பொம்மைத் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். அவனுடைய குண்டுப் பையில் 0.20 கிராம் என்று இருக்கிறதே?

பதில்: அளவு அதே 6 மில்லிமீட்டர், எடை மட்டும் கூடுதல் என்றால் உள்ளே கல் இருக்கிறது என்று பொருள். கால்சியம் கார்பனேட், பேரியம் சல்பேட் போன்ற தாதுப் பொடியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வார்க்கிறார்கள். கனமான குண்டு காற்றுக்கு அவ்வளவாக விலகாது.

கேள்வி: தராசு இல்லாதவர்கள்?

பதில்: ஒரு டம்ளர் தண்ணீரில், அடியில் கரையாமல் தங்கும்வரை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அதில் குண்டைப் போட்டால் 0.12 கிராம் மிதக்கும். 0.20 கிராம் மூழ்கும்.

கேள்வி: ஏ.பி.எஸ்.ஸா, பாலிஸ்டைரீனா?

பதில்: இங்கே தராசும் உப்பும் உதவாது, இரண்டுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு. சில்லுசில்லாக நொறுங்கினால் பாலிஸ்டைரீனாக இருக்கலாம். நசுங்கி வெளுத்தால் ஏ.பி.எஸ். பக்கம் சாயலாம். துணி கட்டாயம், சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். கொளுத்திப் பார்க்காதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

கேள்வி: 'மண்ணில் மக்கும்' என்று விற்கிறார்களே, உண்மையா?

பதில்: அது பெரும்பாலும் பி.எல்.ஏ. மக்காச்சோள மாவு, கரும்புச் சர்க்கரை இவற்றை நொதிக்க வைத்து வரும் லாக்டிக் அமிலத்தில் செய்வது. தயிரைப் புளிக்க வைக்கும் அமிலமும் இதுதான். ஆனால் பி.எல்.ஏ. விரைவாக மக்குவதற்கு 60 டிகிரிக்குப் பக்கமான உரக்குவியல் சூடு வேண்டும். தோட்டத்து மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். பெயரை நம்பி வயலில் இறைக்காதீர்கள், பொறுக்கி எடுங்கள்.

கேள்வி: பொறுக்கியதை மறுபடி சுடலாமா?

பதில்: வேண்டாம். சுவரில் பட்ட குண்டில் நம் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். ஒட்டிய மணல் குழாயையும் கெடுக்கும்.

கேள்வி: பிளாஸ்டிக்தானே, பட்டால் என்ன ஆகிவிடும்?

பதில்: தோலில் பட்டால் சுள்ளென்று தடிக்கும். கண்ணில் பட்டால் விழிக்குள் ரத்தம் கசியும், பார்வையே போகலாம். ஏர்சாஃப்ட் பிறந்த ஜப்பானிலேயே 2006-இல் சட்டம் திருத்தி, 6 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றலுக்கு ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழே கட்டுப்பாடு வைத்தார்கள். குண்டு எதில் செய்தது என்று தேடும் தாய், அதற்கு முன்பே பையனுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிவிடட்டும்.