தோட்டக் கையுறைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்வெட்டையும் பானை ஓட்டையும் விடாமல் புரட்டிப் பார்த்த தமிழாய்வுலகம், 30 ரூபாய்க் கையுறைக்கும் 300 ரூபாய்க் கையுறைக்கும் நடுவே ஹார்டுவேர் கடையில் நின்று ஒரு குடும்பத் தலைவர் படும் பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தப் பாராமுகத்தைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக் களத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தால் பேர் வாங்கிய ஊர். ராஜபாளையம் நூல் மில்லால். இரண்டுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். தோட்டம் ஒரு முனையில், உறை பின்னத் தேவையான நூல் மறுமுனையில். இவ்வளவு வசதியான களம் வேறு எந்த ஆய்வாளருக்கும் வாய்த்திராது.

முதலில் பக்திச் சான்று. இந்த வட்டாரத்தின் தலையாய தோட்டக்காரர் பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாள் வடபத்ரசாயிக்கு மாலை சாத்த நந்தவனம் வைத்தவர். ஆடிப்பூரத்தன்று துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்தவர். அவரைப் பூக்குடலையோடு நினைக்கிறோமே தவிர, கையுறையோடு நினைத்துப் பார்த்தவர் இல்லை. எனவே உறைக்கு ஆகவேண்டிய செலவு பூஜ்யம் என்று சிலர் உடனே கணக்கை முடிப்பார்கள். அவசரம் கூடாது. துளசிக்கு முள் இல்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. நம் வேலியில் முள்ளோடு நிற்கும் கருவை, அதாவது சீமைக்கருவேலமோ, 1870களில்தான் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆழ்வாருடைய வேலியும் நம்முடைய வேலியும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோயிலில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளி அன்றாடம் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்யப்படுவது; அதன் மூக்கு மாதுளம்பூ. உறை மாட்டிய விரலால் அந்த மூக்கைப் பொருத்திக் காட்டுபவருக்கு இக்கட்டுரையாளர் முனைவர் பட்டமே பரிந்துரைப்பார். ஆகவே கட்டுவதும் தொடுப்பதும் வெறுங்கையின் எல்லைக்குள் வருபவை. வெட்டுவதும் பிடுங்குவதும் மட்டுமே உறைக்கு உரியவை.

வெட்டிப் பிடுங்கும்போது கைக்கு வரும் பகை இரண்டு வகை: குத்துவது, சுடுவது. சுடுவதில் இவ்வட்டாரத்துக்கே உரியது மாம்பால். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோப்புகளில் காய் பறித்தவர்களுக்கு இது தெரியும். காம்பு ஒடிந்ததும் பீய்ச்சும் பால் பட்ட இடம் கறுத்து, சிலருக்குப் புண்ணாகிவிடும். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதை நினைவில் வைத்தால் இது வியப்பில்லை. அரளிப் பாலும் எருக்கம் பாலும் இதே வரிசைதான். இவற்றுக்குப் பின்னல் உறை உதவாது. பாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்து நேரம் கூட்டித் தரும். உள்ளங்கையில் ரப்பர் பூச்சுள்ள உறை வேண்டும். 100 ரூபாய்ச் சுற்றில் அதன் விலை நியாயமே.

குத்துவதுதான் சிக்கல். விலை கூடிய உறைகளின் முதுகில் சுத்தியல் படமும் அதன் கீழே நான்கைந்து எண்களும் எழுத்துகளும் அச்சாகியிருக்கும். இது ஈ.என். 388 என்ற ஐரோப்பியத் தரம். நான்காவது எண் குத்துத் தாங்கும் திறன். அதில் 4 வாங்க 150 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 15 கிலோ எடையின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கேட்கத் தெம்பாக இருக்கிறது. ஆனால் சோதனைச்சாலையில் குத்துவது 4.5 மில்லிமீட்டர் தடிமனும் மழுங்கிய நுனியும் உள்ள ஓர் ஆணி. கருவை முள் அந்த ஆணியைப் பார்த்ததும் இல்லை, அதன் நாகரிகத்தைக் கற்றதும் இல்லை. அந்த எண்ணுக்காக 200 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர், ஐரோப்பிய ஆணிகள் நிறைந்த தோட்டம் வைத்திருந்தால் பயன்பெறலாம்.

கருவை வெட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு கையில் அரிவாள், மறு கையில் கவைக்கம்பு. கவையால் கிளையை அழுத்திப் பிடித்து, வெட்டி, தள்ளிவிடுகிறார்கள். முள்ளுக்கும் கைக்கும் நடுவே நாலடி தூரம். உலகில் இதைவிடத் தடித்த கையுறை கிடையாது. விலை, வேலியோரம் நிற்கும் ஒரு மரத்தின் சம்மதம். ஆய்வில் கிடைத்த முதல் விதி இதுதான்: உறையின் விலை கூடக்கூட, அதை அணிபவர் செய்யும் வேலை குறைகிறது. கரிசலில் பருத்தி எடுக்கும் பெண்கள் காய்ந்த காய்த்தோட்டின் நுனி விரலைக் கிழிக்கக் கிழிக்க வெறுங்கையால் எடுக்கிறார்கள். அந்தப் பஞ்சு மில்லுக்குப் போய் நூலாகி, கழிவுப் பஞ்சு முரட்டு நூலாகி, அந்த நூல் உறையாகி, வாரத்தில் ஒருநாள் மாடித்தோட்டத்து ரோஜாவில் வாடிய பூவைக் கிள்ளுபவர் கையில் ஏறுகிறது. விதி இவ்விடத்தில் கொஞ்சம் சிரிக்க மறுக்கிறது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றையும் மறைக்காமல் வைக்க வேண்டும். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சத்திரப்பட்டி இருக்கிறது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்து வெளிநாடு வரை அனுப்பும் ஊர். கட்டுத்துணி இவ்வளவு அருகில் இருக்கும்போது உறை எதற்கு என்று கேட்பது உள்ளூர்ப் பற்று, மருத்துவம் அல்ல. மண்ணோடு கலந்த முள் குத்தினால் துணி மட்டும் போதாது, தடுப்பூசியும் வேண்டும்.

மருத்துவத்தைத் தொட்டதால் ஒரு வரலாறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியால் கை புண்ணான கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்காக குட்இயர் ரப்பர் நிறுவனத்தில் மெல்லிய உறை செய்யச் சொன்னார். 1890இல் இருவருக்கும் திருமணம். விலை கேட்டு உறை வாங்கியவர் யாருக்கும் இப்படி அமைந்ததாகக் கேள்வியில்லை.

இனி கணக்கு. வலக்கைக்காரருக்கு எப்போதும் வலக்கை உறைதான், அதிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான், முதலில் ஓட்டையாகும். பூச்சு உள்ள உறைக்கு உள்ளங்கை எது, புறங்கை எது என்பது நிலையாகிவிட்டது; வலது போனால் ஜோடியே போயிற்று. பூச்சில்லாத வெள்ளைப் பின்னல் உறைக்கு இடம் வலம் கிடையாது. மாற்றி மாட்டலாம், ஓட்டை புறங்கைக்குப் போய்விடும், இன்னொரு பருவம் ஓடும். ஆகவே களை எடுக்கவும் மண் கிளறவும் 30 ரூபாய் உறையே உயர்ந்தது. மாம்பாலுக்கும் அரளிக்கும் 100 ரூபாய். முள்ளுக்குக் கவைக்கம்பு. பொதுவிதியாகச் சொன்னால், தொடப்போகும் செடியின் நர்சரி விலையை உறை தாண்டலாகாது. 50 ரூபாய் ரோஜாக் கன்றுக்கு 1,000 ரூபாய்த் தோலுறை என்பது, செடிக்கே கூச்சம் தரும்.

எஞ்சுவது பூச்சுள்ள உறைகளின் மிச்சம். வலக்கைக்காரர் வீட்டுப் பரணில் இடக்கை உறைகளாகச் சேர்கின்றன. இடக்கைக்காரர் வீட்டில் வலது. இவை ஒன்றுசேர்ந்தால் செலவு பாதியாகும் என்பது வெள்ளிடைமலை. தோட்டம் உள்ள குடும்பங்கள் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்து முடித்த கையோடு, பெண் எந்தக் கையால் களை பிடுங்குவாள், மாப்பிள்ளை எந்தக் கையால் பிடுங்குவார் என்பதையும் தரகரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.