வாத்தியார் எழுதாத பாடம்

நம் தலைவர்களின் சுயசரிதைகளை வரிசையாகப் படித்தால் எல்லோரும் ஒரே வீட்டில் பிறந்தவர்களோ என்று சந்தேகம் வரும். அதே ஒழுகும் கூரை, அதே பட்டினி, தான் சாப்பிடாமல் பிள்ளைக்கு ஊட்டும் அதே தாய். நாற்பதாம் பக்கத்துக்குள் பசி தீர்ந்துவிடும். பதவி வந்த பக்கத்தில் பேனாவின் மையும் தீர்ந்துவிடும்.

இதைப் பற்றிப் பேச திண்டுக்கல்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைக்கு இந்த நாட்டிலேயே ஓட்டுப் போட்டுப் பார்த்த முதல் ஊர்களில் ஒன்று இது.

1970-களின் தொடக்கத்தில், ரசிகர்கள் 'வாத்தியார்' என்று கொண்டாடிய எம்.ஜி.ஆர். ஆனந்த விகடனில் 'நான் ஏன் பிறந்தேன்' என்று தன் வரலாற்றை எழுதினார். 1972-ல் அதே பெயரில் படமும் வந்தது. எது வாழ்க்கை, எது படம் என்று ரசிகன் பிரித்துப் பார்க்க வேண்டிய சிரமமே இல்லை. நாடகக் கம்பெனியில் வயிறு காய்ந்த சிறுவன், கும்பிடத்தக்க தாய் சத்யபாமா. அந்தப் பசி பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. உண்மைப் பசிதான். உண்மைப் பசிக்குத்தான் சந்தையில் விலை அதிகம்.

1967-ல் நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டபோது, கழுத்தில் கட்டோடு கிடந்த படம் சுவரொட்டியாகி ஊர் ஊராக ஓட்டுக் கேட்டது. அதுவும் சுயசரிதைதான், என்ன, காகிதத்துக்குப் பதில் சுவர்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. பிறந்தது. 1973 மே 11-ல் அவரது 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதாகச் சொல்வார்கள். மே 20-ல் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். அ.தி.மு.க.வின் இரட்டை இலையில் நின்ற மாயத்தேவர் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தன் கதையை எழுதாத காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாம் இடம். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடம்.

அந்த மாயத்தேவரே 1980-ல் அதே திண்டுக்கல்லில் தி.மு.க.வின் உதயசூரியனில் நின்று, இரட்டை இலையைத் தோற்கடித்து டெல்லி போனார். தியாக வரலாறு என்றால் இப்படி இருக்க வேண்டும். இரண்டு கட்சிக்காரனும் அவரைத் தன் புத்தகத்தில் சேர்க்கலாம், இரண்டு பேரும் கிழித்தெறியவும் செய்யலாம்.

விகடன் தொடர் முடியாமலே நின்றுபோனது. எவ்வளவு தோதான இடத்தில் நின்றது பாருங்கள்! 1977 முதல் 1987 வரை, நடுவில் சில மாதங்கள் தவிர, முதல்வராகக் கோட்டையில் இருந்த பத்தாண்டுக்கு அந்தத் தொடரில் ஒரு வரி கிடையாது. ஆகவே வாசகன் மனத்தில் அவர் இன்றும் ஆட்சிக்கே வராத ஏழைச் சிறுவன்.

அந்தப் பத்தாண்டில் என்ன நடந்தது? 1978-ல், கிணற்று மோட்டாருக்குக் கரண்டுக் கட்டணத்தைக் குறை என்று விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூரில் போலீஸ் சுட்டது. பிணங்கள் விழுந்தன. ஏழையாகப் பிறந்தவரின் அரசு, ஏழைகள் மீது சுட்டது. திரையில் மதுவைக் கண்டித்தவரின் அரசு 1981-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது. 1982-ல் சத்துணவு. 1983-ல் டாஸ்மாக். சிறுவயதுப் பட்டினியைச் சொல்லித்தான் சத்துணவு வந்தது. நல்ல திட்டம், பிள்ளைகள் வயிறார உண்டார்கள். ஆனால் அப்பன் சாராயக் கடையில் கட்டிய வரி பிள்ளைக்குச் சோறாகத் திரும்பியபோது, வள்ளல் பட்டம் மட்டும் ஒருவர் தலையில் ஏறியது. வரி கட்டியவனுக்கு ஏப்பம்கூட மிஞ்சவில்லை.

எதிர்க்கடையில் மட்டும் என்ன வாழ்கிறது? கலைஞர் கருணாநிதியின் சுயசரிதை 'நெஞ்சுக்கு நீதி' ஆறு தொகுதி. வக்கீலும் அவரே, சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே. ஆறு தொகுதி எழுதியும் விடுதலை தவிர வேறு தீர்ப்பு வருமா?

ஆறு என்றதும் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சில் நினைவுக்கு வருகிறார். அவர் இழுத்தது எங்கள் ஊர்ச் சுருட்டு என்று திண்டுக்கல்லில் இன்றும் சிலர் மார்தட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரைப் பற்றி அவர் எழுதியதும் ஆறு தொகுதிதான். 1943-ல் அவர் ஆட்சியின் கீழ் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். அத்தனை பக்கத்திலும் அந்தச் சாவுகளுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. 1953-ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். தன் பசியை எழுதினால் ஓட்டு; அடுத்தவன் பசியை எழுதாமல் விட்டால் நோபல். நாமோ சுருட்டுப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் கோபம் தலைவர்கள் மேல் பாதிதான். தன் முகத்தை அழகாக வரைந்துகொள்வது அவரவர் ஆசை. அதைச் சட்டம் போட்டு மாட்டி, மாலை சாத்தி, கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நம் மேல்தான் மீதிப் பாதி.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெரியவர்களே, 1978-ஐக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. உங்கள் கதையை எழுத எந்தப் பத்திரிகையும் தொடர் ஒதுக்காது. பேரன் பேத்தி கையில் ஒரு நோட்டைக் கொடுத்து உட்கார வையுங்கள். யார் சுட்டது, யார் விழுந்தது, கோட்டையில் அன்று யார் இருந்தது என்று பேரோடு சொல்லுங்கள், எழுதட்டும்.