சாவி எங்கே?

கேள்வி: கைக்குழந்தையோடு கிளம்பினால், பைக்குள் கையை விட்டதும் சாவியைத் தவிர எல்லாம் சிக்குகிறதே! என்ன செய்யலாம்?

பதில்: பாட்டிமார் மாதிரி சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். இல்லையென்றால் கம்பெனி ஆரம்பிக்கலாம்! நியூயார்க்கின் எல்லன், மைக்கேல் டயமன்ட் தம்பதி இரண்டாவதைச் செய்தார்கள். குழந்தை பிறந்த பிறகு, தள்ளுவண்டியில் ஒழுங்காகத் தொங்கும் டயப்பர் பையைத் தேடி அலுத்துப்போய், தாங்களே ஒன்றை வடிவமைத்தார்கள். ஏகப்பட்ட அறைகள், வண்டிக் கைப்பிடியில் மாட்டக் கொக்கிகள். 2003-ல் 'ஸ்கிப் ஹாப்' கம்பெனி பிறந்தது. (இரவெல்லாம் அழுத குழந்தைக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும்.) 2017-ல் கார்ட்டர்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 14 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பணம் ஒரு பையில் கொள்ளுமா என்று கேட்காதீர்கள். என் வீட்டம்மாவின் பையில் கொள்ளும். திரும்ப எடுப்பதுதான் கஷ்டம்.