பெருக்கல் குறி

எனக்குக் குதிரையின் பின்னங்கால் வராது. முப்பது வருஷமாகப் பத்திரிகைகளுக்குப் படம் போடுகிறேன். சரித்திரத் தொடர் என்று சொல்லிவிட்டால், குதிரையை எந்தப் புதருக்குப் பின்னால் நிறுத்தலாம் என்றுதான் முதலில் பார்ப்பேன். பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும், என் சோழநாட்டில் புதர்கள் அதிகம்.

இண்டியன் இங்க் காலத்தில் திருத்தத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கோடு பிசகினால் போஸ்டர் ஒயிட் தடவலாம், பிளேடால் சுரண்டலாம். மூன்றாம் முறை சுரண்டினால் அட்டை பஞ்சாகி மை ஊறும். அதற்குள் பத்திரிகை ஆபீஸ் பையன் சைக்கிளோடு வாசலில் நிற்பான். அவன் வந்துவிட்டால் படம் முடிந்தது.

இப்போது டேப்லெட்டில் வரைகிறேன். அதில் அன்டூ என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மூக்கை நாற்பது தடவை மாற்றிவிட்டு, முதல் மூக்கே தேவலை என்று திரும்பி வருகிறேன்.

பெரிய கைகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. டின்டின் படக்கதைகளை வரைந்த எர்ஜே, 1930களில் போட்ட 'தி பிளாக் ஐலண்ட்' கதை பிரிட்டனில் நடக்கிறது. அதை ஆங்கிலத்தில் கொண்டுவர நினைத்த பதிப்பகத்தார் 131 பிழைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். எர்ஜே உதவியாளரை பிரிட்டனுக்கே அனுப்பி, நேரில் பார்த்து வரச் சொல்லி, புத்தகம் முழுவதையும் புதிதாக வரைந்து 1966இல் வெளியிட்டார். எனக்கு ஒரே பிழைதான். அதற்கு நான்கு கால்.

சரி, இந்தத் தடவை ஒழுங்காகப் போடுவோம் என்று குதிரை ஓடும் வீடியோ ஒன்றைத் தேடினேன். முதலில் மூட்டுவலித் தைலம் வந்தது. குதிரைக்கும் பொருந்தும் என்று பொறுத்துக்கொண்டேன். பின்னங்கால் தரையை விட்டு எழும்பும் நொடியில் ஓர் அம்மாள் குறுக்கே வந்து அடுக்குமாடி வீடு வாங்கச் சொன்னார். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் அந்தரத்தில் நிற்பதைப் பிடித்துக் காட்டினார். அவருக்கு நடுவில் யாரும் வீடு விற்கவில்லை.

அந்த அம்மாளை விரட்டும்போதுதான் மூலையில் இருந்த பெருக்கல் குறியைக் கவனித்தேன். வெள்ளைத் தரையில் வெளிர் சாம்பல். மயிரிழைக் கோடு. கட்டைவிரல் வைத்தால் காணாமல் போகும் அளவு. குறி தப்பினால் நேரே வீட்டுமனைக்குள் போய் விழுவோம். பத்துத் தடவையாவது திருத்தாமல் இந்த நயம் கைகூடாது. வரைந்தவன் கெட்டிக்காரன்.

போன மாதம் அந்தக் கெட்டிக்காரன் வேலை எனக்கே வந்தது. பட்டுப்புடவைக் கடைக்காக, செல்போனில் குதித்து வரும் விளம்பரம். நான்காவது திருத்தத்தில் அந்தக் கம்பெனித் தம்பி, "சார், புடவை பிரமாதம். மூலையில குளோஸ் பட்டன்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு, டல் பண்ணிடுங்களேன்" என்றார். பண்ணினேன். ஏழாவது தடவை அனுப்பியபோது, "சூப்பர் சார், எங்க இருக்குன்னே தெரியல!" என்று போன் போட்டார். முப்பது வருஷத்தில் என் கோட்டுக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வந்த பணத்தில், விளம்பரம் இல்லாமல் வீடியோ பார்க்க ஒரு வருஷச் சந்தா கட்டிவிட்டேன். இப்போது குதிரை தடையில்லாமல் ஓடுகிறது. அடுத்த வாரத் தொடருக்குப் புதர்தான் போட்டிருக்கிறேன்.