உப்புக் காற்றும் ஓப்பின் பேப்பரும்

வாகரைப் பக்கம் பழைய கார் வாங்க நினைப்போர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: மாமா 2016இல் எடுத்த வெகன் ஆரை இப்போது வாங்கிய விலையைவிடக் கூட்டிக் கேட்கிறார்கள். கார் என்ன காணியா, வருஷம் போகப் போக விலை ஏறுவதற்கு? (காயங்கேணி)

பதில்: 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடமும் நாட்டில் கிடந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் ரூபாய் சரிந்து, 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போனது. இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் அது 300ஐ ஒட்டியே நின்றது. அதற்கு மேல் சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, வற் என்று அடுக்கடுக்காக வரி.

விலை ஏறியதன் கதை இவ்வளவுதான். காரின் றப்பர் புஷ்ஷுக்கும் ரேடியேட்டருக்கும் டொலர் விலை தெரியாது. அவை பத்து வருடம் உழைத்த களைப்போடுதான் இருக்கும். “இத்தனை இலட்சம் கொடுக்கிறோம், பழுது இராது” என்ற நினைப்போடு கார் பார்க்கப் போகவே கூடாது.

கேள்வி: கொழும்புக் கார் நல்லதா, ஊர்க் கார் நல்லதா? (மாங்கேணி)

பதில்: ஊரைப் பார்ப்பதைவிட அடித்தட்டைப் பார்ப்பது நல்லது. வாகரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றுக்கு இங்கே ஓய்வு கிடையாது. கொழும்பும் கடற்கரை நகரந்தான். மலைநாட்டுக் காரில் பிறேக்கும் கியரும் அதிகம் தேய்ந்திருக்கும், ஆனால் துரு குறைவாக இருக்கும்.

துரு முதலில் கூடு கட்டும் இடங்கள் கதவின் கீழ் விளிம்பு, சில்லு வளைவின் உட்புறம், கால்மிதிக்கு அடியிலுள்ள தகடு, பிறேக் குழாய்கள், ஸ்பிரிங் பொருந்தும் இடம். காரை உயர்த்திப் பார்க்காமல் இவற்றில் பாதி தெரியாது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடித்தட்டை மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், அரித்த தகடு மொத்தென்னும். அடித்தட்டில் மட்டும் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு இருந்தால் அது எதை மூடுகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் கரையோரத்துக்கென்றே இன்னொரு சோதனை உண்டு. பழைய டொல்பின் வானோ டிமோ பட்டாவோ பார்க்கிறபோது, அது மீன் ஏற்றியதா என்று அறிய வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தகட்டுப் பொருத்துகளுக்குள் இறங்கி, செசியை உள்ளிருந்தே தின்னும். நன்றாகக் கழுவி வாசனை அடித்துவிட்டால் மணம் தெரியாது. சீற்றைப் பிடிக்கும் ஆணிகள் மட்டும் உண்மையைச் சொல்லிவிடும். கரைவலைக்காரருக்கு அந்த வான் சோறு போட்டது, அதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போக அதை வாங்குகிறவருக்குச் செசியின் நிலை தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற காரை எப்படிக் கண்டுபிடிப்பது? கார் தானாக இருமுமா? (பால்சேனை)

பதில்: இருமாது, ஆனால் தடயம் வைத்திருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பார் மறக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அப்படி நனைந்த வாகனங்கள் கழுவி, காயவைத்து, வேறு மாவட்டத்தில் விலைக்கு வருவது இயல்பு.

சீற் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கலாம். உபரிச் சில்லு கிடக்கும் பள்ளம், பியூஸ் பெட்டியின் மூலை, சீற் நகரும் தண்டவாளம் ஆகியவற்றில் சேறோ துருவோ இருந்தால் போதும். பத்து வயதுக் காருக்குள் நேற்று விரித்ததுபோலக் கார்ப்பெற் கிடந்தால் அதைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற கார் இன்றைக்கு ஓடும். மின்கம்பிப் பொருத்துகளில் பச்சை பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒரு மழை இரவில் நிற்கும். முந்திய இழப்பீட்டு விபரத்தை விற்பவரே தம் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு வாங்கித் தரட்டும்.

கேள்வி: “கோயிலுக்கு மட்டும் ஓடின கார், 60,000 கிலோமீற்றர்தான்” என்கிறார் விற்பவர். நம்பலாமா? (கதிரவெளி)

பதில்: எந்தக் கோயில் என்பதில் இருக்கிறது விஷயம். கதிரவெளியிலிருந்து வெருகல் சித்திரவேலாயுதர் என்றால் ஒரு கணக்கு, கதிர்காமம் என்றால் வேறு கணக்கு.

மீற்றரைக் குறைப்பது இன்று சில நிமிட வேலை. தேய்ந்த பெடலைப் பழையபடி ஆக்குவது அவ்வளவு சுலபமல்ல. பிறேக் பெடலின் றப்பர் வழுவழுத்து, ஸ்டியரிங்கின் தோல் மினுங்கி, சாரதி இருக்கையின் வெளி விளிம்பு நசிந்திருந்தால் அந்தக் கார் 60,000 உடன் நின்றிருக்காது.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த காருக்கு இன்னும் உறுதியான சாட்சி உண்டு. அந்நாட்டில் புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் செலவு மிக்க கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதனால் பலர் நல்ல நிலையிலேயே விற்றுவிடுகிறார்கள். ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் ஒரு தாள் எழுதுவார். அன்றைய மீற்றர் கணக்கு, 4.5, 4, 3.5 என்ற தரம், காரின் படத்தில் ஒவ்வொரு வடுவுக்கும் ஒரு குறி. ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த இடம், இரட்டை எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். தரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்ற எழுத்து நின்றால் அது விபத்துக்குப்பின் திருத்திய கார். இந்தத் தாளிலும் போலி உண்டு. அதனால் விற்பவர் காட்டும் படத்தோடு நின்றுவிடாமல், செசி இலக்கத்தைக் கொடுத்து ஏலப் பதிவைத் தேடித் தரும் சேவைகளில் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: அட்வான்ஸ் போடாவிட்டால் இன்று மாலைக்குள் வேறொருவர் எடுத்துவிடுவாராம். என்ன செய்வது? (பனிச்சங்கேணி)

பதில்: எடுக்கட்டும்.

இக்மனிலும் ரியசெவனவிலும் நாளைக்கும் விளம்பரம் வரும். காரையும் புத்தகத்தையும் ஆளையும் ஒன்றாகக் காணாமல் வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பவே கூடாது. சந்தை விலையைவிட ஐந்தாறு இலட்சம் குறைவாக ஒரு கார் கிடந்தால், காசைத் தொடுவதற்கு முன் காரணத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வாகனம் சுத்தம், விலையும் தோது. “புத்தகம் வேறொருவர் பெயரில், ஓப்பின் பேப்பர் கையில் இருக்கு, வரி அனுமதிப்பத்திரமும் சரி” என்கிறார்கள். மச்சான் “ஊரெல்லாம் அப்படித்தான் ஓடுது” என்கிறார். (வாகரை)

பதில்: மச்சான் சொல்வது உண்மை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஓப்பின் பேப்பர் என்பது பதிவுச் சொந்தக்காரர் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை எழுதாமல் விட்ட உரிமை மாற்றப் படிவம். முதலில் விற்றவர் அதைத் தரகரிடம் கொடுக்கிறார். தரகரிடமிருந்து அது இன்னொருவருக்கும், அவரிடமிருந்து நாலாமவருக்கும் போகிறது. காசு நாலு கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் பெயர் மாறுவதில்லை. கைமாறியதும் புதிய சொந்தக்காரர் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஓப்பின் பேப்பர் வழக்கமோ அதை வருடக் கணக்கில் தள்ளிப்போட வைக்கிறது.

தள்ளிப்போடுகிற காலத்தில் என்னவும் நடக்கலாம். பதிவுச் சொந்தக்காரர் இறந்துவிட்டால் அவரது பழைய ஒப்பம் செல்லாது; வாரிசுகளைத் தேடி, சட்ட ஆவணம் பெற்று வர வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டால் ஒப்பம் சரிபார்ப்பதே பெரும்பாடு. கார் விபத்தில் சிக்கினாலோ குற்றச்செயலுக்குப் போனாலோ பொலிஸ் முதலில் தட்டுவது பதிவிலுள்ளவரின் கதவை. ஆகவே விற்பவருக்கும் இது நல்லதல்ல. விற்றதைத் திணைக்களத்துக்கு அவரும் உடனே அறிவித்துவிட வேண்டும்.

வரி அனுமதிப்பத்திரம் பற்றி ஒரு மயக்கம் பலரிடம் இருக்கிறது. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் பழைய பத்திரமும் இருந்தால் கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். வருடா வருடம் புதுப்பித்தவர் தம்மைச் சொந்தக்காரர் என்றே நினைக்கத் தொடங்குகிறார். அந்தப் பத்திரம் வரி கட்டியதற்குச் சான்று. உரிமைக்குச் சான்று பதிவுப் புத்தகம் மட்டுந்தான்.

புத்தகத்தில் இரண்டு பெயர்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பதிவுச் சொந்தக்காரர், மற்றது முழு உரித்தாளர். முழு உரித்தாளர் என்ற இடத்தில் வங்கியோ நிதி நிறுவனமோ இருந்தால் வாகனம் லீசிங்கில் கிடக்கிறது. “மிச்சத் தவணையை நீங்கள் கட்டுங்கள், எழுதித் தருகிறேன்” என்று நொத்தாரிசிடம் எழுதிய தாள், தவணை பிசகிய நாளில் வந்து நிற்கும் சீசிங்காரரைத் தடுக்காது. நிறுவனத்தின் அலுவலகத்துக்கே விற்பவரோடு போய், மீதிக் கடனை அங்கேயே அடைத்து, உரித்தை விடுவிக்கும் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும்.

வாடகைக்கு எடுத்த காரைப் போலிப் புத்தகம் காட்டி விற்கும் மோசடியும் நாட்டில் அடிக்கடி பிடிபடுகிறது. புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் பொறித்தவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரத்தையும் பார்த்துவிட வேண்டும். விற்பவரின் அடையாள அட்டையிலுள்ள பெயர் புத்தகத்தில் இல்லையென்றால், பெயருக்குரியவர் நேரில் வரும்வரை வியாபாரம் நிற்கட்டும். சவூதியிலும் கட்டாரிலும் உழைத்த காசு, அடகு வைத்த நகை, இரண்டு வருட மீன்பாடு எல்லாம் சேர்ந்துதான் இங்கே ஒரு கார். அது இன்னொருவர் பெயரில் நிற்பதற்கு ஒரு குடும்பம் சம்மதிக்கக் கூடாது.

கேள்வி: அக்வா எடுக்க ஆசை. பற்றரி போனால் கார் போச்சா? (புச்சாக்கேணி)

பதில்: போகாது, ஆனால் பையில் பெரிய ஓட்டை விழும். முதல் தலைமுறை அக்வாவின் ஹைபிரிட் பற்றரி 7.2 வோல்ற் கொண்ட 20 கட்டுகளால் ஆனது. மொத்தம் 144 வோல்ற். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 கட்டுகள், 201.6 வோல்ற். ஒரு கட்டு தளர்ந்தாலே மொத்தமும் தள்ளாடும். சிலர் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, “புதுப் பற்றரி” என்று விற்கிறார்கள். மற்றவை பழையவைதானே. கராஜில் ஸ்கான் கருவியைப் பொருத்தி, காரை ஓட்டியபடியே ஒவ்வொரு தொகுதியின் வோல்ற் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி பின்சீற்றுப் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. கடற்கரை மணல் வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் அந்தக் காற்றுவாய் அடைபடுவது சாதாரணம். அதைத் துப்புரவாக்கும் செலவு சிறிது; செய்யாமல் விட்டால் சூட்டில் பற்றரியே போய்விடும்.

கேள்வி: எயார்பேக் இருந்தால் போதுமா? (வம்மிவட்டவான்)

பதில்: எந்த எயார்பேக் என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் செய்த எயார்பேக்குகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உலகெங்கும் 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. ஏறக்குறைய 10 கோடி எயார்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனம் வங்குரோத்தானது. காரணம் அதிலிருந்த அமோனியம் நைத்திரேற்று. நீண்ட கால வெக்கையிலும் ஈரப்பதனிலும் அது சிதைந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. வெக்கையும் ஈரமும் கிழக்குக் கரைக்கும் குறைவில்லை.

டொயோட்டா, ஹொண்டா, நிசான் எனப் பல நிறுவனங்களின் 2000 முதல் 2015 வரையான கார்களில் இவை பொருத்தப்பட்டன. ஜப்பானில் அந்தந்த நிறுவனங்களின் இணையத்தளத்தில் செசி இலக்கத்தைக் கொடுத்தால் திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று தெரியும். பெரும்பாலானோர் பாட்டுப் பெட்டியைச் சோதிக்கிறார்கள், இதைச் சோதிப்பதில்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட இந்த ஐந்து நிமிடத்தைத் தயவுசெய்து ஒதுக்குங்கள்.

கேள்வி: பழைய காருக்கும் நோபல் பரிசுக்கும் தொடர்பு உண்டாமே? (ஓர் உயர்தர மாணவி)

பதில்: உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதை வேண்டாம் என்றிருந்தன. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும். 2001இல் அவருக்குப் பரிசு கிடைத்தது. நல்ல கார் வைத்திருக்கும் வாகரைக்காரர் இதை அறிந்தால், பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகளை எறியாமல் கோப்பில் வைப்பார். அவருக்கு நியாய விலை கிடைக்கும்.

கேள்வி: காரைப் பார்க்க எந்த நேரம், யாரோடு போவது? (கட்டுமுறிவு)

பதில்: காலையில், வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கிய எஞ்சின் தன் முதல் நிமிடப் புகையையும் சத்தத்தையும் மறைத்துவிடும். விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டும். வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்குக் காரையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. மெக்கானிக்கின் கூலியைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க, திருகோணமலை வீதியில் ஒரு நீள ஓட்டமும் கிரவல் ஒழுங்கையில் ஒரு மெதுவான ஓட்டமும் வேண்டும். முதலாவதில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். இரண்டாவதில் சொக் அப்சோபரும் புஷ்ஷும் தம் நிலையைச் சொல்லும். இறங்கியதும் டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். பூ நன்றாக இருந்தாலும் அந்த வயதில் றப்பர் இறுகியிருக்கும், நாலு டயருக்கான காசை விலையில் குறைத்துக் கேட்கலாம்.