பிக்கப் மாற்றப் போகிறவர்

ஹட்டனில் ஒருவர், கொட்டகலையில் ஒருவர், தலவாக்கலையில் இரண்டு பேர். மலையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பகலில் தோட்ட ஆபீஸில் செக்ரோல் எழுதுவார். மாலையானால் சீனத்துக் கிட்டாரின் முகத்தகட்டிலுள்ள பதினொரு திருகாணிகளையும் கழற்றிப் பேப்பரில் கொட்டிக்கொண்டு உட்காருவார். “இன்னும் பழைய பிக்கப்தானாண்ணே?” என்றால், “மாத்தப் போறேன் தம்பி” என்பார். போன தீபாவளிக்கும் அதைத்தான் சொன்னார்.

பழைய பிக்கப் உறுமுகிறது என்கிற அண்ணனின் குறை நியாயமானதே. தலைமயிர் மொத்தமுள்ள செப்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றி ஏறக்குறைய 8,000 தடவை சுற்றினால் சிங்கிள் காயில் பிக்கப். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற அதே சுருள், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்த்துப் பிடித்துவிடும். கிப்சன் கம்பனியின் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரும் புதிருமாக வைத்து, உறுமலை உறுமலாலேயே அடித்தார். அதுதான் ஹம்பக்கர். 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல்தான் கைக்கு வந்தது. ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று அடியில் சீட்டு ஒட்டிய அந்தக் காலத்துப் பிக்கப்புகளுக்கு இன்று தங்க விலை. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாலே மதிப்பு ஏறுமென்றால், ஏழு பேர்ச் காணிக்குக் காத்திருக்கும் லயத்துச் சனமெல்லாம் இந்நேரம் கோடீஸ்வரர்கள்.

பிக்கப் தேர்வு அண்ணனுக்குச் சாதகம் பார்ப்பது மாதிரி. காந்தங்களில் அல்னிகோ 2 சாந்த குணம், அல்னிகோ 5 துடுக்கு, செராமிக் முன்கோபி. நெக்குக்கு ஒன்றைப் பார்த்து வைப்பார், பிரிட்ஜுக்கு ஒன்றைப் பார்த்து வைப்பார், மல்டிமீட்டர் கணக்கைப் பக்கத்தில் எழுதுவார். “அந்தப் பக்கம் ஏழரை கிலோ ஓம், இந்தப் பக்கம் பதினாறு. ரஜ்ஜு இடிக்குதே!” சம்பந்தம் முறிந்துவிடும். டிமார்சியோ நல்ல குடும்பம்தான், 1970களின் தொடக்கத்திலேயே மாற்றுப் பிக்கப் விற்க வந்தவர்கள், ஆனால் சத்தம் அதிகம். சீமோர் டங்கன் பிடித்திருக்கிறது, ஆனால் அதிலேயே எத்தனை பிள்ளைகள், யாரை எடுப்பது? அண்ணி ஒருநாள் சொன்னார்: “என்னயப் பார்க்க வந்தப்ப அரை மணித்தியாலத்துல சரின்னுட்டாரு.”

ஒரே ஒரு தடவை முடிவுக்கு வந்துவிட்டார். அது 2022 மார்ச். ஒன்று 100 டாலருக்குக் கிட்ட வருமென்று கணக்குப் போட்டு, கொழும்பில் ஆளும் பிடித்தாயிற்று. அந்நேரம் பார்த்து 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நாடே அழுதது. அண்ணன் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தார். முடிவெடுக்காமல் இருக்க அரசாங்கமே காரணம் கொடுத்துவிட்டதே!

எனக்குத் தெரிந்ததையும் சொல்லிப் பார்த்தேன். தந்தியில் கை பட்டதும் அடங்குகிற கர்ர் சத்தத்துக்கு ஹம்பக்கர் மருந்தல்ல. உள்ளே செப்புத் தாள் ஒட்டி, பிளக்குக்கு ஒழுங்காக எர்த் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பிக்கப்பின் இருபக்கத் திருகாணியை ஒரு சுற்று இறக்கினாலே தொனி மாறும், செலவும் இல்லை. அண்ணனின் முகம் வாடிவிட்டது. செலவில்லாத வைத்தியத்தை யார் நம்புவார்?

கோயில் திருவிழாவில் வாசிக்கும்போதாவது வித்தியாசம் தெரியுமா என்றால், அங்கே எல்லாச் சத்தமும் மரத்தில் கட்டிய கூம்பு லவுட்ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். அல்னிகோவும் ஒன்றுதான், அறிவிப்பாளரின் இருமலும் ஒன்றுதான். பக்கத்தில் தப்புக்காரர் நெருப்பில் தோலைக் காய்ச்சி, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்கிவிடுவார். அந்தத் தப்பின் தொனியைப் பற்றி அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் பேண்டுக்குப் புதிதாக வந்த பொடியன் புறக்கோட்டையில் மலிவாக ஒரு ஹம்பக்கர் வாங்கிவந்தான். சிங்கிள் காயில் குழியிலேயே உட்காரும் சின்னது. வேலை முடிந்து தேத்தண்ணி ஆறுமுன் சோல்டர் வைத்துப் பூட்டிவிட்டான். உறுமல் இல்லை. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் மந்தம். வால்யூம் 250 கே போட்டிருப்பே. ஹம்பக்கருக்கு 500 வேணும்.”

பொடியன் இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தான். முகம் மாறியது.

“அத மாத்தினா சரியாயிடுமாண்ணே?”

“அது கெபாசிட்டரப் பொறுத்தது. உட்காரு, சொல்றேன்.”